பிக்கப் வண்டியில் ஒரு வீடா, முதுகில் ஒரு பையா? கேம்பிங் கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு!

தை மாதம் பிறந்துவிட்டால் விளாங்குடியைக் கடந்து செல்லும் மதுரை - திண்டுக்கல் சாலையில் பழநி பாதயாத்திரை பக்தர்களைப் பார்க்கலாம். அவர்களில் இரண்டு வகை உண்டு. தோளில் ஒரு ஜோல்னா பை, கையில் தண்ணீர் பாட்டில், இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான் என்று நடப்பவர்கள் ஒரு வகை. இன்னொரு வகை, குழுவாக வருபவர்கள். இவர்களுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு டாடா ஏஸ் ஊர்ந்துகொண்டே வரும். அண்டா, குண்டா, அரிசி மூட்டை, பாய், தலையணை, ஸ்பீக்கர், ஜெனரேட்டர் என்று ஒரு வீடே அதில் வரும்.

பை வைத்திருப்பவருக்கு மரத்தடியோ மண்டபமோ கிடைத்தால் போதும், துண்டை விரித்துவிடுவார். வண்டியோடு வந்தவர்கள் முதலில் வண்டியை நிறுத்த இடம் தேட வேண்டும். அப்புறம்தான் தூக்கம்.

கேம்பிங் செய்பவர்கள் மத்தியில் இப்போது நடக்கும் விவாதமும் கிட்டத்தட்ட இதுதான். பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் கொண்ட ஒரு பெட்டியைப் பொருத்திக்கொண்டு ஊர் சுற்றும் ‘டிரக் கேம்பர்’ வீடியோக்கள் ரீல்ஸில் குவிகின்றன. மலை உச்சியில் வண்டி, பின்கதவைத் திறந்தால் மேகம், கையில் காபி. வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆனவர்களுக்கு, ‘அடுத்த இன்கிரிமென்ட்டில் இதை முடிச்சிடலாமா?’ என்று தோன்றுவது இயல்புதான். முடிப்பதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

நம்ம ஊரில் டிரக் கேம்பர் இருக்கிறதா?

‘கேரவன்’ என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். சுற்றுலாவுக்கான கேரவன் இங்கே இன்னும் புதுசு. மகிந்திரா நிறுவனத்தின் ‘பொலேரோ கேம்பர்’ மதுரைச் சாலைகளில் நிறையவே ஓடுகிறது. ஆனால் அதில் பெயரில் மட்டும்தான் கேம்பர். முன்னால் ஆட்கள் உட்கார டபுள் கேபின், பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி.

அந்தத் தொட்டியில் ஒரு வீட்டைப் பொருத்தும் முயற்சியும் நடந்தது. 2022 செப்டம்பரில், சென்னை ஐஐடியில் வளர்த்தெடுக்கப்பட்ட ‘கேம்பர்வேன் ஃபேக்டரி’ என்ற நிறுவனத்துடன் மகிந்திரா ஒப்பந்தம் போட்டது. பொலேரோ கேம்பர் கோல்டு வண்டியை அடிப்படையாக வைத்து, நான்கு பேர் தூங்க, சாப்பிட வசதி, பயோ டாய்லெட், ஷவர், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் எல்லாம் கொண்ட சொகுசு கேம்பர் என்பது அறிவிப்பு. நாமே ஓட்டிக்கொண்டு போகலாம், தனி லைசென்ஸ் தேவையில்லை என்பதையும் ஒரு சிறப்பாகச் சொன்னார்கள்.

நிறுவனம் வடிவமைத்து, சோதித்து, அனுமதி வாங்கித் தருவது ஒரு விஷயம். பழைய பிக்கப்பை வாங்கி, தெரிந்த பட்டறையில் விட்டு, யூடியூப் பார்த்து வீடாக மாற்றுவது முற்றிலும் வேறு விஷயம். ரீல்ஸைப் பார்த்துவிட்டுப் பலரும் மனசுக்குள் கட்டுவது இரண்டாவது வகை வீட்டைத்தான். ‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்று சொன்ன பெரியவர்கள், வீட்டைச் சக்கரத்துக்கு மேலே கட்டிப்பார் என்று சொல்லவில்லை.

முதல் சிக்கல் எடை

வண்டியின் ஆர்சி புத்தகத்தையோ கார்டையோ எடுத்துப் பாருங்கள். வெறும் வண்டியின் எடை எவ்வளவு, சுமையோடு சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கிடைக்கும் மொத்த இடம். தனிநபர் பயன்பாட்டுக்கு விற்கப்படும் ஸ்டைலான பிக்கப்கள் பார்க்க லாரிக்குத் தம்பி மாதிரி இருந்தாலும், அவற்றில் அனுமதிக்கப்பட்ட சுமை சில நூறு கிலோதான்.

இப்போது ஏற்ற ஆரம்பிப்போம். தலா 65 கிலோ வீதம் நான்கு பேர் என்றால் 260 கிலோ. குளிக்க, பாத்திரம் கழுவ, டாய்லெட்டுக்கு என்று 80 லிட்டர் தண்ணீர், அது 80 கிலோ. வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவைத் தாண்டும். இதுவே 390 கிலோ. இன்னும் பெட்டியின் இரும்புச் சட்டம், பிளைவுட், மெத்தை, அலமாரி, ஃபிரிட்ஜ், அடுப்பு, துணிமணி எதையும் ஏற்றவே இல்லை.

எடை கூடினால் மைலேஜ் குறையும், அது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், உயரம் கூடும்போது வண்டியின் ஈர்ப்பு மையம் மேலே போய்விடும். விளாங்குடியில் இருந்து வாடிப்பட்டி வரை நான்கு வழிச் சாலையில் இது தெரியாது. வத்தலகுண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையிலோ, 18 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சிறுமலைப் பாதையிலோ தெரியும். வளைவில் வண்டி வெளிப்பக்கமாகச் சாய்வதும், இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிப்பு குறைவதும் சுமையோடு சேர்ந்து வரும் ஆபத்துகள்.

சட்டமும் சும்மா விடாது. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. மஞ்சள் போர்டு சரக்கு வண்டி என்றால், பின்பக்கத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வதே குற்றம்.

ஆர்டிஓ என்ன சொல்வார்?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் கேரளத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஒரு கேம்பரில் எத்தனை மாற்றங்கள் இருக்கும்?

கேரவனாகவே பதிவு செய்ய வழி இல்லையா என்றால், இருக்கிறது. மோட்டார் கேரவன்களுக்கு ‘ஏஐஎஸ்-124’ என்ற தனித் தரநிலையே உண்டு. அதற்கு ஏற்றபடி கட்டி, சோதனைக்கு உட்படுத்தி, பதிவில் மாற்ற வேண்டும். பட்டறையில் நடக்கிற வேலை இல்லை அது. 2021 ஆகஸ்ட்டில் கேரளத்தின் கண்ணூரில், யூடியூபர் சகோதரர்கள் இருவர் கேரவனாக மாற்றி ஓட்டிய வேனை மோட்டார் வாகனத் துறை பறிமுதல் செய்ததும், அலுவலகத்தில் தகராறு ஆகி அவர்கள் கைதானதும் அப்போது தமிழ்நாட்டிலும் டிரெண்டான செய்தி.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்து நேரத்தில், ‘வண்டியை மாற்றியதை எங்களிடம் சொல்லவில்லையே’ என்று இன்சூரன்ஸ் நிறுவனம் கைவிரித்தால் அதுதான் பெரிய அடி.

ஏசி போட்டால் என்ன ஆகும்?

ரீல்ஸில் பார்க்கும் கேம்பர்களில் பெரும்பாலானவை குளிர் நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே பிரச்னை, வண்டிக்குள் சூட்டை எப்படித் தக்கவைப்பது என்பது. மதுரையில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். நாள் முழுக்க வெயிலில் நின்ற தகரப் பெட்டிக்குள் ராத்திரி படுப்பது எப்படி இருக்கும் என்பதை, மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட அறையில் வாடகைக்கு இருந்த எந்த பேச்சிலரும் சொல்வார்.

அதனால் ஏசி வேண்டும். ஒரு டன் ஏசி ஓட சுமார் 1,000 வாட் மின்சாரம் தேவை. 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் கணக்குப்படி இருப்பது 1,800 வாட்-அவர். லெட் ஆசிட் பேட்டரியை முழுக்கக் காலி செய்தால் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால் பாதிதான் பயன்படுத்த முடியும். ஆக, ஒரு மணி நேரத்துக்குள் ஏசி நின்றுவிடும். லித்தியம் பேட்டரி, சோலார் பேனல் என்று போகலாம். பட்ஜெட் எங்கேயோ போய்விடும். மிஞ்சுவது ஜெனரேட்டர், அல்லது இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது.

இங்கேதான் உயிர் ஆபத்து தொடங்குகிறது. 2024 டிசம்பர் 23-ம் தேதி, கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் வடகரை அருகே சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு ஊழியர்கள் சடலமாகக் கிடந்தார்கள். கார்பன் மோனாக்சைடு வாயு தாக்கி இறந்தது உடற்கூராய்வில் தெரியவந்தது. ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, வண்டியின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது என்று, அதே வண்டியில் சோதனை நடத்திய கோழிக்கோடு என்ஐடி நிபுணர்கள் கண்டறிந்தார்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று உடம்பு கொடுக்கும் எச்சரிக்கையும் தூங்குபவருக்குத் தெரியாது. டிரக் கேம்பர் என்றில்லை, கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு காரில் தூங்குபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மூடிய வண்டிக்குள் கரி அடுப்பு மூட்டினாலும் இதே வாயுதான். கேம்பர் வாங்கியே தீருவேன் என்பவர்கள், முதலில் வாங்க வேண்டியது கார்பன் மோனாக்சைடு அலாரம்.

அடுத்தது கேஸ். இதற்கு மதுரைக்காரர்களுக்கு உதாரணம் வெளியூரிலிருந்து வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26-ம் தேதி விடியற்காலையில், மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து எரிந்தது. லக்னோவிலிருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்தவர்களில் 9 பேர் இறந்தார்கள். விதிகளை மீறி எடுத்துவரப்பட்ட சிலிண்டரில் டீ போட முயன்றபோது தீப்பிடித்தது என்று ரயில்வே சொன்னது. அது ரயில், இது பிக்கப். ஆனால் படுக்கை, துணி, சிலிண்டர், நெருப்பு, ஓரிரு கதவுகள் எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருப்பது இரண்டிலும் ஒன்றுதான். திறந்த வெளியில் ஒரு சின்ன அடுப்பில் டீ போட்டால், கேஸ் கசிந்தாலும் காற்றோடு போய்விடும்.

எங்கே நிறுத்துவது?

அமெரிக்காவில் டிரக் கேம்பர் எடுபடக் காரணம் வண்டி மட்டும் இல்லை. மின் இணைப்பு, குடிநீர்க் குழாய், கழிவைக் கொட்டும் இடம் ஆகியவற்றோடு கேம்ப் கிரவுண்டுகள் அங்கே ஊர் ஊராக இருக்கின்றன. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்து, வாகமனில் கேரவன் பார்க்கும் தொடங்கியது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு. கேரவன் பார்க் நடத்துபவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. ஆனால் இஷ்டப்பட்ட ஊருக்கு வண்டியை விட்டு, அங்கே ஒரு கேரவன் பார்க் இருக்கும் என்று நம்பிப் போகிற நிலை இன்னும் வரவில்லை.

பார்க் இல்லையென்றால் டாய்லெட் டேங்க்கை எங்கே காலி செய்வது? இதைப் பற்றி எந்த ரீல்ஸும் பேசுவதில்லை. இரண்டு நாளில் டேங்க் நிறைந்துவிடும். இருட்டின பிறகு ரோட்டோரமோ, ஓடையிலோ கொட்டுவதுதான் ‘வழி’ என்றால், மேகத்தைப் பார்க்கப் போனவர் அந்த ஊர்க்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் கை வைக்கிறார்.

கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் கோடை சீசனுக்கு, வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள்தான் என்று சென்னை உயர் நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. பெரிய வண்டியோடு போகிறவர் இந்த வரிசையில் நிற்க வேண்டும். அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸே தேவையில்லை.

டோல்கேட்டிலும் இதே கதைதான். 2008 கட்டண விதிகளின் அடிப்படை விகிதம், காருக்கு கிலோமீட்டருக்கு 65 பைசா, இலகுரக வணிக வாகனத்துக்கு 1 ரூபாய் 5 பைசா. இப்போது தொகை கூடியிருக்கிறது, வித்தியாசம் அப்படியேதான் இருக்கிறது.

ஊர் திரும்பிய பிறகு? ஐடி வேலையில் இருப்பவருக்கு வருடத்தில் 20 நாள் பயணம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். மிச்சம் 345 நாள் அந்த வண்டி விளாங்குடியில் ஏதாவது ஒரு தெருவில் நிற்க வேண்டும். பேட்டரி இறங்கும், எலி ஒயரைக் கடிக்கும், பக்கத்து வீட்டுக்காரர் ‘தம்பி, வண்டியைக் கொஞ்சம் எடுக்கிறீங்களா’ என்பார். மாதத் தவணை மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை.

பையில் என்ன இருக்க வேண்டும்?

மினிமல் கேம்பிங்கின் கணக்கு எளிது. இரண்டு பேர் டென்ட் சுமார் 2 கிலோ. மடக்கும் பாய், ஸ்லீப்பிங் பேக் அல்லது நல்ல கம்பளி, தலையில் மாட்டும் டார்ச், மழை கோட்டு, மாற்று உடுப்பு ஒரு செட், பவர் பேங்க், முதலுதவிப் பொருட்கள், கொஞ்சம் கடலை மிட்டாய். தண்ணீரோடு சேர்த்து 10 கிலோவுக்குள் அடக்கிவிடலாம். கொடைக்கானல் பக்கம் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டில் நல்லது.

விளாங்குடியில் இருப்பவருக்கு ஆரப்பாளையம் பேருந்து நிலையம் பக்கம்தான். கொடைக்கானல், தேனி, திண்டுக்கல் பேருந்துகள் எல்லாம் அங்கிருந்தே கிளம்புகின்றன. காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு மலையில் இருக்கலாம். வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கிற கவலை டிரைவருக்கு, ஜன்னலோர சீட் நமக்கு. திட்டம் மாறினால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடலாம். பிடிக்கவில்லை என்றால், நண்பருக்கு டென்ட்டைக் கொடுத்துவிடலாம். வண்டியை அப்படிக் கொடுக்க முடியாது.

அப்படியானால் டென்ட்தான் பெஸ்ட்டா?

அதையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. டென்ட்டின் பெரிய பலவீனம், துணிக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறது என்று தெரியாது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், ஒரு ரிசார்ட் அமைத்திருந்த டென்ட்டில் தங்கிய 26 வயதுப் பெண் காட்டு யானை தாக்கி இறந்தார். கொடைக்கானலில் காட்டு மாடுகள் ஊருக்குள்ளேயே நடமாடுகின்றன. தகரப் பெட்டிக்குள் இருப்பவருக்கு இந்தப் பயம் குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

‘பை இருக்கு, கால் இருக்கு, எங்கே வேணாலும் போவோம்’ என்ற நினைப்பும் ஆபத்து. 2018 மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அந்தப் பாதைக்கு அவர்களிடம் வனத் துறையின் அனுமதி இல்லை. அதன் பிறகுதான் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் டென்ட் போடுவதும் குற்றம். யாரோ ஒருவர் வீடியோவில் போட்ட இடம் என்பதற்காக அங்கே போய்ப் படுக்க முடியாது.

வயதான அப்பா அம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு டென்ட் சரிப்படாது. பெண்கள் தனியாகவோ, இரண்டு மூன்று பேராகவோ போகும்போது பாதுகாப்பும் கழிப்பறையும் பெரிய கேள்விகள். இவர்களுக்குத்தான் கேம்பர் வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் இவர்களுக்குத் தேவை ஒரு கதவும் ஒரு கழிப்பறையும்தான். அதற்கு மலையிலேயே ஒரு நல்ல ஹோம்ஸ்டே எடுப்பது, வீட்டையே தூக்கிக்கொண்டு மலையேறுவதைவிடச் செலவு குறைவு.

முடிவு பண்ணும் முன் என்ன செய்யலாம்?

கேம்பர் ஆசை விடவில்லை என்றால், வாங்குவதற்கு முன் பதிவு பெற்ற நிறுவனத்தில் ஒரு கேரவனை இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அதையும் டிசம்பரில் எடுக்காதீர்கள், மே மாதத்தில் எடுங்கள். ஆர்சியில் அந்த வண்டி கேரவன் என்றே பதிவாகியிருக்கிறதா, ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, புகைக்குழாய் எந்தப் பக்கம் போகிறது, உள்ளே அலாரம் இருக்கிறதா, இரண்டாவதாக வெளியேற வழி உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்த வண்டி வேண்டாம்.

டென்ட் பக்கம் போகிறவர்கள் முதல் ராத்திரியை மொட்டை மாடியில் கழிக்கலாம். கேலியாகத் தெரியும். ஆனால் டென்ட்டை இருட்டில் விரிக்கத் தெரியுமா, பாய் முதுகுக்கு ஒத்துவருகிறதா, கொசு எங்கே நுழைகிறது என்பதெல்லாம் செலவே இல்லாமல் அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து ஒரு பகல் நேரப் பயணம். வனத் துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இருக்கின்றன. எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்து, ஆன்லைனில் முன்பதிவு செய்யும் வசதியும், கூடவே வர உள்ளூர் வழிகாட்டியும் உண்டு. ராத்திரி தங்கல் வேண்டுமென்றால், சுற்றுலாத் துறையில் பதிவு செய்த கேம்ப்தானா என்று போனில் கேட்டுவிட்டு முன்பணம் அனுப்புங்கள்.

காட்டுத்தீ அபாயம் உள்ள கோடைக் காலத்தில் இந்த மலைப்பாதைகள் மூடப்படும். அதனால் மார்ச் மாத லாங் வீக்கெண்டுக்கு லீவு போடும் முன், பாதை திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.